துவக்குக்கு ஒரு மெத்தை

மச்சான்,

இன்று காலை இரண்டாம் வகுப்பு வாசலில், பிள்ளைகள் கோட் மாட்டுகிற கொழுக்கி ஒன்று சுவரோடு பெயர்ந்து வந்துவிட்டது. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவனின் இடுப்பில் இன்று ஒரு பள்ளிக்கூடத்துக் கதவுகளின் முழுத் திறப்புக் கொத்தும் தொங்குகிறது என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாயே, அந்தப் பதவியில்தான் இன்னும் இருக்கிறேன். கொழுக்கியை ஒட்டுவதற்காக இரண்டு குழாய்ப் பசையையும் ஒரு மட்டைத் துண்டில் பிதுக்கி, ஐஸ்கிரீம் குச்சியால் குழைத்தேன். கருவாட்டுச் சட்டிக்குள் நெயில் பொலிஷைக் கொட்டியது போல ஒரு மணம் எழும்பியது.

எபொக்ஸி. அந்த மணம் மூக்கில் ஏறினால் உன் ஞாபகம் வரும் என்று எனக்குத் தெரியும். கூடவே கண்ணீரும் வரும் என்று ஆயத்தமாகத்தான் இருந்தேன். வந்தது கோபம். குச்சியைக் கையில் பிடித்தபடி சுவரைப் பார்த்து, "உனக்கு வாய் இல்லையோடா?" என்று கேட்டுவிட்டேன். அந்தப் பக்கமாக வந்த தலைமையாசிரியை, சுவரோடு சண்டை பிடிக்கிற கெயார்டேக்கரைக் கண்டு, வந்த வழியே மெல்லத் திரும்பிப் போனார். அதற்குள் பசை மட்டையிலேயே இறுகிவிட்டது.

வருகிற மாதத்தோடு நீ போய் ஒரு வருடம். ஆட்டைத் திவசத்துக்கு உன் மனைவி வதனி ஒரு சிறிய நினைவு மலர் அடிக்கிறார். அதற்குத்தான் இதை எழுதுகிறேன். ஒரு பக்கம் போதும் என்று சொன்னார். ஒரு பக்கத்தில் அடங்குகிற கோபம் இல்லை இது.

போன வருடம் உன் முப்பத்தோராம் நாள் மண்டபத்தில் நடந்தது உனக்குத் தெரியாது. நீ படமாகி, மாலையோடு மேடையில் இருந்தாய். நாங்கள் குடியிருக்கிற கிங்ஸ்பரியில் உள்ள அந்த வாடகை மண்டபம்தான். உன் மகளின் சாமத்தியச் சடங்கு நடந்த அதே இடம். ஊர்ச் சங்கத்துத் தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்தார். உழைப்பாளி என்றார், லேத் மெசினில் உன்னைப் போல வேலைக்காரனைக் கண்டதில்லை என்றார், ஒருவருக்கும் தீங்கு நினையாதவர் என்றார். நானும் தலையாட்டிக்கொண்டு கேட்டேன். பிறகு குரலைத் தாழ்த்தினார். "மனிசர் எண்டால் பலவீனம் இருக்கும். அவருக்கும் ஒண்டு இருந்தது. இண்டைக்கு அதைக் கதைக்கிறது அழகில்லை."

அழகில்லை என்று சொல்லிக்கொண்டே அழகாகக் கதைத்தார்! மண்டபம் முழுவதும் தலையை ஆட்டியது. முன்வரிசையில் வதனி குனிந்துகொண்டார். அந்தப் பலவீனம் என்னவென்று அங்கிருந்த இருநூறு பேருக்கும் தெரியும். சூதாட்டம். சனிக்கிழமை விடிந்தால் நீ குதிரைக்குக் காசு கட்டுகிற பெட்டிங் கடையில் கிடப்பாய் என்று மூன்று வருடமாக ஊர் பேசிய பேச்சு.

எழும்பினேன். எழும்பிய வேகத்தில் கதிரை பின்னால் சாய்ந்து விழுந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பேச்சு முடியும் முன்பே சாப்பாடு பரிமாறத் தொடங்கியிருந்தார்கள். என் வாயில் பாதி வடை. உன்னுடைய மானத்தைக் காப்பாற்ற எழும்பிய உன் உயிர்ச் சிநேகிதன் அந்த மகாசபையில் என்ன கேட்டான் தெரியுமா? "தண்ணி இருக்கோ?" என்று கேட்டான்.

நீ வாழ்க்கையில் ஒரு லொத்தர்ச் சீட்டுக்கூட வாங்கியதில்லை. அந்த மண்டபத்தில் அது தெரிந்தவன் நான் ஒருவன்தான். அந்த வதந்தியைப் பெற்றெடுத்தவனும் நான்தான். இதை இப்போது எல்லோருக்கும் தெரிய எழுதுகிறேன், வாசிக்கட்டும்.

நீ சனிக்கிழமைகளில் போனது குறி பார்த்துத் துவக்குச் சுடுகிற கழகத்துக்கு. ஆற்றுக்கு அந்தப் பக்கம், ரயில் பாலத்து வளைவு ஒன்றுக்குள், மேலே ரயில் போகும்போது தேநீர்க் கோப்பைகள் நடுங்குகிற இடம். கிங்ஸ்பரிச் சனம் எட்டிப் பார்க்காத தூரம் என்பதற்காகவே அதைத் தெரிந்தெடுத்தாய். முதல் நாள் நீ என்னைக் கூட்டிக்கொண்டு போனபோது நான் கேட்டது ஞாபகம் இருக்கிறதா?

"ஊரில பார்த்தது காணாதோ மச்சான்? துவக்குக்குப் பயந்துதானே இஞ்சை ஓடி வந்தனாங்கள்?"

"அங்கை அது எங்களைப் பார்த்துக்கொண்டு நிண்டது," என்றாய். "இஞ்சை அதுக்குப் பின்னால படுத்துப் பார். மூச்சை விட்டு, பிடிச்சு, ஒரு வட்டத்தை மட்டும் பார்க்கிறது. மண்டைக்குள்ள ஒரு சத்தமும் இராது."

எனக்கு அந்த அமைதி வரவில்லை, பசிதான் வந்தது. பத்துக் குண்டு சுட்டேன். குறி அட்டையைக் கழற்றி வந்து பார்த்தால் என் அட்டையில் ஓர் ஓட்டையும் இல்லை. பக்கத்தில் படுத்துச் சுட்ட வெள்ளைக்கார அம்மாவின் அட்டையில் பதினைந்து ஓட்டை. அவர் சுட்டது பத்து. என்னுடைய மற்ற ஐந்து குண்டையும் இன்றுவரை தேடுகிறார்கள். அன்றிலிருந்து என்னைத் தேநீர் போடுகிற பொறுப்பில் விட்டார்கள். நானும் அங்கத்தவன்தான் என்று நீ மட்டும் சொல்லிக்கொண்டு திரிந்தாய்.

உன் சுடுதல் வேறு சாதி. அதைவிட உன் கை. கழகத்துக்குப் பொதுவான பழைய துவக்கு ஒன்று இருந்தது. அதன் மரப்பிடி வெடித்ததால் யாரோ ஒரு புதிய பிளாஸ்டிக் பிடியை வாங்கிப் பூட்டினார்கள். பூட்டிய நாளிலிருந்து அது ஒரே இடத்தில் இரண்டு குண்டு போடவில்லை. எல்லோரும் துவக்கைத் திட்டினார்கள். நீ இரண்டு திருகாணிகளையும் கழற்றி, குழலோடு சேர்ந்த இரும்புப் பாகத்தை வெளியே எடுத்து, பிடியின் உட்புறத்தை டோர்ச் அடித்துப் பார்த்தாய்.

"இரும்பு ஒரு பக்கம் இருக்குது, பிளாஸ்டிக் ஒரு பக்கம் இருக்குது, நடுவில காத்து. ஒவ்வொரு வெடிக்கும் ஒரு மயிரளவு அசையுது. இஞ்சை மயிரளவு அசைஞ்சா அங்கை அட்டையில விரலளவு."

அதற்கு வைத்தியம், பிடியின் உள்ளே எபொக்ஸியை நிரப்பி, அது இறுகும் முன் இரும்பை அதற்குள் அமர்த்திவிடுவது. இறுகியபின் இரும்பைக் கழற்றினால், அதன் ஒவ்வொரு வளைவும் விளிம்பும் அச்சாகப் பதிந்திருக்கும். இரும்பு தன் மெத்தையைத் தானே செய்துகொள்ளும் என்று நீ சொன்னாய். ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் பெடிங். எனக்கு அந்தச் சொல் நன்றாகப் பிடித்துவிட்டது. என் நாக்குத்தான் அதைச் சரியாகப் பிடிக்கவில்லை.

அந்த ஜனவரிக் குளிரை மறப்பேனா? பாலத்து வளைவின் பின்னறையில் மூச்சு புகையாக வந்தது. நீ பிடியின் உட்புறத்தை அரத்தால் சுரண்டிக் கரடுமுரடாக்கினாய், துளைகளைக் களிமண்ணால் அடைத்தாய். எல்லாம் ஆயத்தம். இரும்பில் மெழுகு பூசுவது மட்டும் பாக்கி. பூசாவிட்டால் பசை இரும்பையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும், பிறகு கடவுளே வந்தாலும் கழற்ற ஏலாது என்று நீதான் சொன்னாய். மெழுகு டின்னைத் திறந்தாய். வெறும் டின்.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. மூளை வேலை செய்த நாட்களில்தான் எனக்கு எப்போதும் அழிவு. வருகிற வழியில் மனைவிக்கு வாங்கிய தேங்காயெண்ணெய்ப் போத்தல் பைக்குள் இருந்தது. குளிரில் அது வெள்ளை வெளேரென்று கல்லாக உறைந்திருந்தது.

"இந்தா மச்சான். மெழுகு தானே வேணும்? பார், மெழுகேதான்."

நீ போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். முப்பது வருடம் இரும்போடு வாழ்ந்தவன், ஆயிரத்தில் ஒரு பங்கு அளவு பார்க்கிறவன், அங்கே ஒரு வார்த்தை மறுத்திருக்க வேண்டாமா? "வழுக்குந்தான்" என்றாய். விரலால் தோண்டியெடுத்து இரும்பெல்லாம் பூசினாய். எங்கட ஆட்கள் இரண்டு பேர் சேர்ந்தால்தான் இப்படி ஒரு வேலை நடக்கும். ஒரு வெள்ளைக்காரன் தலையில் வைக்கிற எண்ணெயைத் துவக்கில் வைக்க யோசிப்பானா? பசையைக் குழைத்தாய், நிரப்பினாய், இரும்பை அமர்த்தினாய், பிதுங்கியதைத் துடைத்தாய். என்ன அழகாக இருந்தது! பசைப் பெட்டியில் 'குளிரில் இறுகாது' என்று எழுதியிருந்ததை நான் வாசித்தேன். என் ஆங்கில வாசிப்பு உதவிய ஒரே சந்தர்ப்பம் என்று பெருமைப்பட்டு, சின்ன மின்சார ஹீட்டரைக் கொண்டுவந்து துவக்குக்கு முன்னால் வைத்தேன். அந்தச் சூட்டில் என் 'மெழுகு' என்ன செய்யும் என்று நானும் யோசிக்கவில்லை, நீயும் யோசிக்கவில்லை. ஒரு கிழமை இருக்கட்டும் என்று சொல்லிப் பூட்டிவிட்டு வந்தோம்.

அந்த ஒரு கிழமைக்குள்தான் உன் பெயர் கெட்டது.

திங்கட்கிழமை மரக்கறிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் உன்னை விசாரித்தார். "எங்கை உங்கட கூட்டாளி? சனிக்கிழமையில கோயில் பக்கமும் காணேல்லை." ஒரு புதுச்சொல் தெரிந்தவனுக்கு அதைச் சொல்லாமல் இருக்க ஏலுமா? நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்: "சனிக்கிழமை எண்டால் அவர் பெட்டிங்கில நிப்பார். ஆள் வலு கெட்டிக்காரன். நானும் கூடப் போறனான்."

நீ இரகசியமாகப் போகிறாய் என்று தெரிந்தும் சொன்னேன். துவக்கு என்ற சொல்லைத்தான் விட்டேன், அதனால் இரகசியம் பத்திரம் என்று நினைத்தேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கருவேப்பிலை ஒரு கட்டு எடுத்து என் பையில் சும்மா போட்டு, "பிள்ளைகள் சுகமோ?" என்று கேட்டார். என் மேல் அவருக்கு மரியாதை கூடிவிட்டது என்று எண்ணி வீட்டுக்கு வந்தேன். அது பரிதாபம் என்று பிறகுதான் தெரிந்தது.

என் மகள் பிறகு எத்தனை தடவை சொல்லித் தந்திருப்பாள்! "அப்பா, நீங்கள் ரெண்டு சொல்லையும் ஒரே மாதிரித்தான் சொல்றீங்கள். ஒண்டு குதிரைக்குக் காசு கட்டுறது. மற்றது மெத்தை." கண்ணாடி முன்னால் நின்று பழகினேன். பெட்டிங், பெட்டிங். இரண்டும் குதிரையாகவே வந்தது.

அடுத்த சனிக்கிழமை திருகாணியைக் கழற்றினோம். இரும்பு அசையவில்லை. எண்ணெய் உருகி ஓடிப் பசை இரும்பைக் கட்டிப் பிடித்திருந்தது. நீ ரப்பர்ச் சுத்தியலால் தட்டினாய், நான் இழுத்தேன். நீ இழுத்தாய், நான் தட்டினேன், உன் விரலில். கழகத்துச் செயலாளர் தேநீர்க் கோப்பையோடு வந்து நின்று, "அது அப்படித்தான் இருக்க வேண்டுமா?" என்று ஆங்கிலத்தில் அமைதியாகக் கேட்டார். அவர் போனபிறகு நீதான் வழி கண்டுபிடித்தாய். குளிரில் இரும்பு சுருங்கும். கழகத்துக் குசினியில் கோடைக்காலச் சொசேஜ்கள் வைக்கிற பெரிய ஃப்ரீசர் இருந்தது. துவக்கை அதற்குள் வைத்துவிட்டு, துவக்கைத் தனியே விட்டுப் போகக் கூடாது என்பதால், இரண்டு பேரும் ஃப்ரீசருக்கு முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்தோம்.

அங்கேதான் நீ சொன்னாய். "மச்சான், நீ கடையில ஏதோ சொல்லியிருக்கிறாய். நான் இப்ப சூதாடி."

எனக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. விளங்கியதும் எழும்பினேன். "இப்பவே போய்ச் சொல்லுறன். நாளைக்கு வதனிக்கும் நானே சொல்லுறன்."

"இரு," என்றாய். "வதனிக்கு ஏற்கெனவே கதை போயிட்டுது. முந்தநாள் இரவு முழுக்க ஏச்சு."

"நீ என்ன சொன்னனீ?"

"ஒண்டும் சொல்லேல்லை."

"உனக்கென்ன விசரோ? அது சூதில்லை, துவக்கு எண்டு சொல்லுறதுதானே?"

வதனியின் தம்பி டியூசனுக்குப் போன சைக்கிளோடு ஊர் வீதியில் சுடப்பட்டுக் கிடந்ததை நான் கேள்விப்பட்டிருக்கிறேன். உங்கள் வீட்டில் விளையாட்டுத் துவக்குக்கூட இல்லை. என் மகன் ஒரு பிறந்தநாளுக்குக் கொண்டுவந்த தண்ணீர்த் துவக்கை வதனி குப்பை வாளிக்குள் போட்டது எனக்கு ஞாபகம்.

"சூதாடி எண்டால் அவள் ஏசுவாள்," என்றாய். "துவக்கு எண்டால் அழுவாள். ஏச்சு எனக்குப் பழகிப்போச்சு. நீ வாயைத் திறக்காதை. சத்தியம் பண்ணு."

பண்ணினேன். சொசேஜ்ப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து சத்தியம் பண்ணியவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மூன்று மணித்தியாலம் கழித்துத் துவக்கை எடுத்து ஒரே ஒரு தட்டுத் தட்டினாய். டக்கென்று கழன்றது. உள்ளே கண்ணாடி போல அச்சு, இரும்பின் உற்பத்தி இலக்கம்கூடத் இடம்வலம் மாறிப் பதிந்திருந்தது. அன்றைக்கே ஐந்து குண்டு போட்டாய். ஐந்தும் ஒரு பெருவிரல் நகத்துக்குள் மறைந்தன. கழகத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். வெள்ளைக்கார அம்மா உன்னைக் கட்டிப்பிடித்தார். அந்த வளைவுக்குள் நீ ராசா. வெளியே வந்து ரயில் ஏறி, கிங்ஸ்பரியில் இறங்கினால் நீ குடும்பத்தைக் கவனியாத சூதாடி.

மூன்று வருடம் அப்படிப் போனது. கல்யாண வீடுகளில் உன்னைக் கண்டால் சீட்டு விளையாடுகிறவர்கள் கண்ணடித்து இடம் விட்டார்கள். ஒருவர் எந்தக் குதிரை வெல்லும் என்று உன்னிடம் காதுக்குள் கேட்டார். நீ "மூண்டாவது" என்றாய். அது வென்றுவிட்டது என்று சொல்லி அடுத்த கிழமை வந்து கைகுலுக்கிவிட்டும் போனார். சிரித்தோம். நான் சிரித்ததை நினைத்தால் இப்போது என் வாயில் நானே அடிக்க வேண்டும் போல் இருக்கிறது. பிறகு ஒரு சனிக்கிழமை காலை கழகத்துக்குப் போக வெளிக்கிட்டவன், பஸ் தரிப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய். அம்புலன்ஸ்காரர் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அதற்குப் பிறகும் வாயைத் திறக்கவில்லை. சத்தியமாம்! மண்டபத்தில் உன்னைப் பலவீனன் என்று சொன்னபோதும் தண்ணீர் கேட்டுக் குடித்தேன். அந்தத் தலைவர் உன்னோடு ஒரு தேநீர் குடித்துப் பேசியிருப்பாரா? நீ சனிக்கிழமை எங்கே போகிறாய் என்று உன் முகத்தைப் பார்த்து ஒருவராவது கேட்டாரா? கேட்கமாட்டார்கள். ஒரு சொல்லைக் கடையில் பிடித்து, கோயிலில் வளர்த்து, மண்டபத்தில் ஒலிவாங்கி வைத்துப் பேசுவார்கள். பேசுங்கள். அந்தச் சொல்லையாவது சரியாகப் பிடித்திருக்கலாமே.

போன ஞாயிறு வதனி கூப்பிட்டார். மேசை முழுவதும் மலருக்கான கடதாசிகள், கையில் சிவப்புப் பேனை.

"அண்ணை, அவரோடை கூடித் திரிஞ்சது நீங்கள்தான். ஒரு பக்கம் எழுதித் தாங்கோ. ஆனால் அந்தப் பெட்டிங் கதை வேண்டாம். பிள்ளை வாசிப்பாள். எனக்கு வெக்கமாக் கிடக்கு."

பிள்ளை வாசிப்பாள். உன் மகள், அப்பா எப்படிப்பட்டவர் என்று அந்த மலரைத்தான் நாளைக்குத் தன் பிள்ளைகளுக்குக் காட்டுவாள். அதில் நீ மறைக்க வேண்டிய ஒரு மனிதனாக இருக்கப் போகிறாய். என் சத்தியம் அந்த மேசையில் உடைந்தது. மன்னிப்புக் கேட்கமாட்டேன்.

"வதனி, அவன் ஒரு நாளும் சூதாடேல்லை."

"செத்த மனிசனுக்காகப் பொய் சொல்லாதேங்கோ அண்ணை."

"பொய்யில்லை. நான் சொன்ன சொல்லுப் பிழை. அது வேறை பெட்டிங். மெத்தை மாதிரி."

"மெத்தையோ?" பேனையை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தார். "சனிக்கிழமையில மெத்தை செய்யப் போனவரோ? ஆருக்கு மெத்தை?"

அந்தக் கேள்விக்குள் வேறு ஒரு கேள்வி ஒளிந்திருந்தது. சூதாடியை இப்போது என்னவாக்கப் பார்க்கிறேன் நான்! அவசரமாகச் சொன்னேன்.

"துவக்குக்கு."

வதனி பேனையை மேசையில் வைத்தார். மூடியைத் தேடி எடுத்து மூடினார். அழப் போகிறார் என்று நான் கடதாசித் துவாயை எட்டி எடுத்தேன்.

"ஆரைச் சுடுறது?"

"ஒருதரையும் இல்லை. கடதாசி அட்டை. நடுவில கறுப்பு வட்டம். அவ்வளவுதான்."

"வடிவாச் சுடுவாரோ?"

"என்னைவிட எவ்வளவோ."

"அது பெரிய காரியமில்லை," என்றார். நான் சிரிக்கலாமா என்று பார்த்தேன். சிரிக்கக் கூடாது என்று முகம் சொன்னது. "எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"நீர் அழுவீர் எண்டு…"

எழும்பிவிட்டார் மச்சான். முப்பது வருடமாக என்னை அண்ணை, அண்ணை என்று மரியாதையாகப் பேசிய பிள்ளை, மேசையில் கையால் அடித்தார்.

"அழுதால் என்ன? கரைஞ்சு போயிடுவனோ? என்ர தம்பி செத்த அண்டைக்கு அழுதனான். அடுத்த நாள் வந்த சனத்துக்கெல்லாம் நான்தான் சோறு காய்ச்சினனான். நான் எதைத் தாங்குவன், எதைத் தாங்கமாட்டன் எண்டு நீங்கள் ரெண்டு பேரும் எங்கையோ இருந்து கூடிக் கதைச்சு முடிவெடுத்தனீங்கள். என்னட்டை ஒரு வார்த்தை கேக்கேல்லை. மூண்டு வருசம் அந்த மனிசனைச் சூதாடி எண்டு ஏசினனான். அண்டைக்குக் காலமையும் வாசலில நிண்டு, 'போங்கோ, போய் இருக்கிற மிச்சத்தையும் விட்டிட்டு வாங்கோ' எண்டுதான் சொன்னனான். அதுதான் நான் அவருக்குச் சொன்ன கடைசிச் சொல்லு. அதைத் தாங்குவன் எண்டு நினைச்சனீங்களோ?"

கடதாசித் துவாயை என் முகத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் அழவில்லை.

அதனால்தான் உன் மேல் இவ்வளவு கோபம். தலைவர் மேல், கடைக்காரர் மேல் வந்ததெல்லாம் சின்னக் கோபம். அவர்களுக்கு உன்னைத் தெரியாது. உனக்கு வதனியைத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு துவக்குக்குள் மயிரளவு இடைவெளி இருக்கிறது என்று டோர்ச் அடித்துப் பார்த்தவன், உன் வீட்டுக்குள் இருந்ததை ஏன் பார்க்கவில்லை? அவரைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்தோம். அழுகிற பொம்பிளைக்கு முன்னால் நிற்கப் பயந்த இரண்டு ஆம்பிளைகள் நாங்கள், அவ்வளவுதான். நீ செய்ததில் பாதி என் பங்கு என்பதால்தான் இதை உரக்கச் சொல்கிறேன்.

நடந்தது முழுவதையும் சொல்லி முடித்துப் புறப்படும்போது வதனி கதவில் கையை வைத்து மறித்தார். "எழுதுங்கோ. துவக்கு எண்டே எழுதுங்கோ. விளையாட்டு, பொழுதுபோக்கு எண்டு பூசி மெழுக வேண்டாம். அந்தத் தேங்காயெண்ணெய்ப் புதினத்தையும் எழுதுங்கோ. சிரிக்கிற சனம் சிரிக்கட்டும். ஆனால் சூதாடி எண்டு இனி ஒருதரும் என்ர வாசல்படி ஏறக் கூடாது."

எழுதிவிட்டேன். சங்கத்துத் தலைவர் ஐயாவும் இதை வாசிப்பார். வாசித்துவிட்டு அடுத்த கூட்டத்தில், அதே ஒலிவாங்கியில், அதே தாழ்ந்த குரலில் இல்லாமல், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொல்லட்டும். இந்த முறை வடையை முழுதாக விழுங்கிவிட்டு நான் எழும்பி நிற்பேன்.

இந்தக் கிழமை கடதாசிகளைக் கொடுக்க மூன்று தடவை உன் வீட்டுக்குப் போய்விட்டேன். ஒவ்வொரு தடவையும் வதனிக்கு ஒரு சனிக்கிழமை ஞாபகம் வருகிறது. "பிள்ளையின்ர பரிசளிப்பு அண்டைக்கு அந்தரப்பட்டு ஓடினவரே, அது?" போட்டி, வதனி. "என்ர அக்கா கனடாவில இருந்து வந்த நாள்?" அதுவும் போட்டிதான். "அப்ப நீங்கள் 'ஓவர்டைம்' எண்டு எனக்குச் சொன்னனீங்களே?" ஓம் வதனி, சொன்னனான். பிறகு ஏச்சுத் தொடங்கும். உனக்கு வரவேண்டியது, வாங்க ஆள் இல்லாமல் வாசலில் தங்கிப்போனது. சப்பாத்தைக் கையில் பிடித்தபடி, தலையைக் குனிந்து, முழுவதையும் வாங்கிக்கொள்கிறேன். ஏசி முடித்தபின் தேத்தண்ணி ஊற்றித் தருகிறார். குடித்துவிட்டு வருகிறேன்.